கைவேலை ஐந்து நாள், காத்திருப்பு முப்பத்துநான்கு நாள்: புராஜெக்ட் நேரத்தைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் அறிவுரைகளில் பாதிக்கு மேல் ஒரு தனி மனிதரின் நாளைப் பற்றியவை. விடியற்காலையில் எழுந்திருங்கள், போனைத் தள்ளி வையுங்கள், கஷ்டமான வேலையை முதலில் முடியுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கு இது போதும். ஆபீஸ் புராஜெக்டில் கதை வேறு. அங்கே ஒரு வேலை தாமதமாகும்போது பின்னோக்கிப் பார்த்தால், அது பெரும்பாலான நாட்கள் யாரோ ஒருவர் மேஜையிலும், இன்னொருவர் வாட்ஸ்அப்பிலும், மூன்றாமவர் கையெழுத்துக்காகவும் சும்மா கிடந்திருக்கும். அந்த நாட்களை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எனவே அவை திட்டத்திலும் இருப்பதில்லை.

இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அந்தச் சும்மா கிடக்கும் நாட்களைப் பற்றியது.

பேச வசதியாக ஒரு உதாரணம். சென்னை அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு தயாரிக்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி; நீங்கள் அங்கே மார்க்கெட்டிங்கில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 10-ஆம் தேதி நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் ஒரு கண்காட்சி தொடங்குகிறது. அதற்கு 24 பக்கக் கேட்டலாக் ஒன்றை 1000 பிரதி அடித்து வைக்க வேண்டும். வழக்கமான வேலைகளும் கூடவே ஓடும். நீங்கள் சாஃப்ட்வேரில் இருந்தாலும், கட்டட வேலையில் இருந்தாலும், ஆடிட் ஆபீஸில் இருந்தாலும் கணக்கு இதே மாதிரிதான் வரும்.

1. ஓகே சொல்பவர் யார் என்று முதலில் கேளுங்கள்

தேதியைக் கேட்பதற்கு முன்பே இரண்டு விஷயங்கள் தெளிவாக வேண்டும்: எது கையில் வந்தால் வேலை முடிந்ததாக அர்த்தம், அதை ஏற்றுக்கொள்பவர் யார். இதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். “டிசம்பர் 8 மதியத்துக்குள் 1000 கேட்டலாக் நம் ஸ்டாலில் இறங்கியிருக்க வேண்டும், கடைசி ஓகே எம்.டி.யுடையது.” இப்படி எழுத முடியவில்லை என்றால் புராஜெக்ட் இன்னும் தொடங்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குடும்பக் கம்பெனிகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மகன் டைரக்டர், எல்லாக் கூட்டத்திலும் அவர்தான் பேசுவார், டிசைனையும் அவர்தான் தேர்ந்தெடுப்பார். பிரஸ்ஸுக்குப் போகும் நாளன்று அப்பா வந்து, “நம்ம பழைய லோகோ எங்கே?” என்பார். முடிந்தது கதை. ஆரம்பத்திலேயே, “சார், ஃபைனல் ஓகே உங்களோடதா, பெரியவரும் பார்ப்பாரா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டால், பெரியவர் பார்ப்பதற்கு என்று மூன்று நாளைத் திட்டத்திலேயே போட்டுவிடலாம். இதைக் கேட்கத் தயங்குபவர்கள்தான் அதிகம்.

2. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு எண் எழுதுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்குச் சம்மதமே. ஒரு தாளிலோ எக்செல்லிலோ வேலைகளை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு பத்திகள். ஒன்று, நீங்கள் உட்கார்ந்து செய்யும் நேரம்: அது கைவேலை, மணிக்கணக்கில். இன்னொன்று, உங்கள் கையை விட்டுப் போனபின் திரும்பி வரும்வரை ஆகும் நேரம்: அது காத்திருப்பு, வேலை நாள் கணக்கில்.

நம் கேட்டலாக்குக்கு அது இப்படி வரலாம்:

டெக்னிக்கல் விவரங்கள் வாங்குவது: கைவேலை 3 மணி, காத்திருப்பு 5 நாள்.
போட்டோ எடுப்பது: கைவேலை 8 மணி, போட்டோகிராஃபர் தேதிக்கும் எடிட்டுக்கும் 6 நாள்.
எழுதுவது: கைவேலை 16 மணி, காத்திருப்பு இல்லை.
வெளி டிசைனர்: கைவேலை 2 மணி, காத்திருப்பு 8 நாள்.
எம்.டி. பார்ப்பது: கைவேலை அரை மணி, காத்திருப்பு 5 நாள்.
திருத்தங்கள்: கைவேலை 8 மணி, காத்திருப்பு 3 நாள்.
பிரஸ்: கைவேலை 4 மணி, காத்திருப்பு 7 நாள்.

கூட்டிப் பாருங்கள். கைவேலை 41 மணி 30 நிமிடம், அதாவது எட்டு மணி நேர நாளாக ஐந்து நாளும் கொஞ்சமும். காத்திருப்பு 34 நாள். “ஒரு வாரத்து வேலைதானே சார்” என்று கூட்டத்தில் தலையாட்டும் நபர் பொய் சொல்லவில்லை. அவர் முதல் பத்தியை மட்டும் பார்த்துச் சொல்கிறார். நீங்கள் எவ்வளவு வேகமாக டைப் அடித்தாலும் அந்த 41 மணியில் ஐந்தாறு மணி மிச்சமாகலாம். எம்.டி.யின் ஐந்து நாளை இரண்டாக்கினால் மூன்று முழு நாள் மிச்சம். உழைப்பை எங்கே போட வேண்டும் என்பது இப்போது தெரியும்.

வேலையின் பெயரை எழுதும்போது “டிசைன்”, “கன்டென்ட்” என்று ஒற்றை வார்த்தையில் விடாதீர்கள். “டிசைனர் முதல் நான்கு பக்க மாதிரியை அனுப்புவது” என்று எழுதினால், அது யார் கையில் இருக்கிறது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

3. எவை ஒரே நேரத்தில் காத்திருக்கலாம்?

34 நாளும் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டியதில்லை. டெக்னிக்கல் விவரத்துக்கான 5 நாளும் போட்டோவுக்கான 6 நாளும் ஒன்றாக ஓடலாம். முதல் நாளே இரண்டு பேருக்கும் கேட்டு அனுப்பிவிட்டால் 11 நாள் 6 நாளாகிறது. அந்த ஆறு நாளில் எழுதும் வேலையும் நடக்கலாம். கம்பெனி அறிமுகம், சர்வீஸ் சென்டர் பக்கம், உத்தரவாதப் பக்கம் இவற்றுக்கெல்லாம் டெக்னிக்கல் விவரம் வரத் தேவையில்லை.

மிச்சம் இருப்பது ஒரு சங்கிலி: போட்டோ எடுக்கும் நாள் 1, போட்டோ வர 6, டிசைன் 8, எம்.டி. 5, திருத்தம் வர 3, அதைச் சரிபார்க்கும் கைவேலை 1, பிரஸ்ஸில் ஒப்படைக்க அரை நாள், அச்சு 7. முப்பத்திரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சங்கிலியில் உள்ள எது ஒரு நாள் தள்ளிப் போனாலும் கடைசித் தேதி ஒரு நாள் தள்ளும். சங்கிலிக்கு வெளியே உள்ளது இரண்டு நாள் தள்ளினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் என்ற ரசாயனக் கம்பெனியும் ரெமிங்டன் ராண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய முறையின் சாரம் இதுதான். ரசாயன ஆலையைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் நாட்களைக் குறைக்க அதைப் பயன்படுத்தினார்கள். மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் பட்டியலில் சங்கிலியில் வரும் வரிகளுக்கு மட்டும் சிவப்புப் பேனாவால் கோடு போட்டால் போதும்.

4. மனதில் தோன்றும் நாளை நம்பாதீர்கள்

மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைவாகவே சொல்வார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் எழுதினார்கள். 1994-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று உளவியல் மாணவர்களைக் கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். ஆனது 55.5 நாள். இன்னும் சுவாரசியம், “எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன எண் 48.6. மோசமான கற்பனையைவிட நிஜம் ஒரு வாரம் அதிகம்.

எனவே கற்பனையை ஓரமாக வைத்துவிட்டு, போன முறை எவ்வளவு ஆனது என்று பாருங்கள். சென்ற வருட கேட்டலாக்கின் மெயில்கள் இன்பாக்ஸில் இருக்கும். டிசைனருக்கு பிரீஃப் போன தேதி, முதல் மாதிரி வந்த தேதி, பிரஸ் பில் தேதி. பதினைந்து நிமிடம் தேடினால் கிடைத்துவிடும்.

பழைய பதிவே இல்லையென்றால் மூன்று எண் கேளுங்கள்: நன்றாகப் போனால், வழக்கமாக, மோசமானால். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் வந்த கணக்கு இது. அச்சுக்கு 5, 7, 15 என்று சொன்னால் 5-உம் 28-உம் 15-உம் சேர்த்து 48. ஆறால் வகுத்தால் 8. நம் 7 நாள் 8 ஆகிறது, சங்கிலி 33 ஆகிறது. ஒரு நாள்தானே கூடியது என்று தோன்றலாம். கணக்கின் விடையைவிட, “மோசமானால் ஏன் 15?” என்ற கேள்விக்குப் பிரஸ்காரர் சொல்லும் பதில் அதிக உபயோகம். “சார், அக்டோபர்லேர்ந்து டைரி, காலண்டர் ஆர்டர் ஓடும். மழை பெஞ்சா இங்க் காயாது, லேமினேஷனுக்கு உடனே அனுப்ப முடியாது.” இந்த இரண்டு வாக்கியமும் எந்த எக்செல் ஷீட்டிலும் கிடைக்காது.

5. பின்னாலிருந்து தேதி போடுங்கள், சென்னைக் காலண்டரோடு

இன்றிலிருந்து முன்னோக்கிக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாக வருவது போலவே இருக்கும். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். டிசம்பர் 8-இல் ஸ்டாலில் இறங்க வேண்டும். சங்கிலி 33 நாள், அதோடு ஏழு நாள் தாங்கல், அதாவது எங்காவது சறுக்கினால் எடுத்துக்கொள்ளக் கூடுதல் நாள் (அது ஏன் என்று அடுத்த படியில்). மொத்தம் 40 வேலை நாள். வாரம் ஆறு நாள் வேலை என்றால் ஆறரை வாரத்துக்குமேல். அக்டோபர் 22 வாக்கில் வந்து நிற்கிறது.

இப்போது தேதித்தாள் காலண்டரை எடுங்கள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். கம்பெனிக்கு ஒரு நாள் லீவு என்றாலும் பிரஸ் ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்ப நான்கு நாள் ஆகும். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து பூஜை போட்டபின் மறுநாள்தான் தொடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக, அக்டோபர் 15-க்குப் பிறகு தொடங்குவது சூதாட்டம். ஆகஸ்டில் இதைச் சொன்னால், “டிசம்பருக்கு இப்பவே என்ன அவசரம்?” என்பார்கள். கணக்குத் தாளைக் காட்டுங்கள்.

காலண்டரில் அச்சாகாத நாட்களும் உண்டு. மாதக் கடைசி ஐந்து நாளில் புரொடக்‌ஷன் ஆட்களிடம் எதுவும் கேட்காதீர்கள். டெஸ்பேட்ச் அழுத்தத்தில் பதில் வராது. மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கம்பெனியில் ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி இருபதாம் தேதி. பிரஸ்ஸுக்கு அட்வான்ஸ் போட வேண்டும் என்று பத்தொன்பதாம் தேதி அக்கவுண்ட்ஸ் பக்கம் போனால் முறைத்துப் பார்ப்பார்கள். அப்புறம், முதலாளி ராகுகாலம் பார்ப்பவராக இருந்தால் வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை கையெழுத்துக்கு எதையும் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பிரச்சினையே இல்லை, அவருக்கு இருக்கிறது. செவ்வாய் என்றால் மூன்றிலிருந்து நாலரை.

ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் வெளிநாட்டு கிளையன்டோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. நியூயார்க்குக்கும் நமக்கும் அவர்களுடைய கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். அமெரிக்காவில் கடிகாரத்தை நவம்பர் முதல் ஞாயிறில் மாற்றுகிறார்கள், பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறில். இடையில் ஒரு வாரம் மூன்று ஊரும் ஒன்றாகச் சேரும் கூட்ட நேரம் குழம்பும். மார்ச்சில் இந்தக் குழப்பம் இரண்டு மூன்று வாரம் நீளும். அந்த வாரங்களில் முக்கியமான அப்ரூவல் கூட்டம் வைப்பதைத் தவிர்க்கலாம்.

6. தாங்கலை ஒரே இடத்தில் வையுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நாள் கூட்டிப் போடுவதுதான் வழக்கம். இது வீணாகும். இருக்கிற நேரம் முழுவதையும் வேலை நிரப்பிக்கொள்ளும் என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பார்க்கின்சன் 1955-இல் கிண்டலாக எழுதியது இன்றும் ஆபீஸ்களில் பலிக்கிறது. டிசைனரிடம் பத்து நாள் என்றால் பத்தாவது நாள் இரவு பதினொன்றரைக்குத்தான் ஃபைல் வரும். வேலைகளுக்கு நேர்மையான எண்ணைக் கொடுத்துவிட்டு, சங்கிலி நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகக் கடைசியில் வையுங்கள். 33-க்கு ஏழு நாள். இது யாருடைய சொத்தும் இல்லை. எங்கே சறுக்கினாலும் இதிலிருந்து எடுக்கலாம். எடுத்ததை எழுதி வைக்க வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் ஐந்து நாள் தீர்ந்துவிட்டது என்றால், டிசம்பரைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் அதுதான்.

இந்த ஏழு நாள் இருப்பதை எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா? மேலாளரிடம் சொல்லுங்கள். வெண்டர்களிடம் வேண்டாம்.

7. தினசரி நேரம்: முதலில் அடுத்தவர் கைக்குப் போவதை அனுப்புங்கள்

காலையில் கஷ்டமான வேலையை முதலில் செய் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாளின் முதல் அரை மணியை, உங்கள் கையிலிருந்து வெளியே போக வேண்டியவற்றுக்குக் கொடுங்கள். டிசைனர் கேட்ட லோகோ ஃபைல், எம்.டி.க்கு அனுப்ப வேண்டிய நான்கு பக்கம், போட்டோகிராஃபருக்கு மாடல் பட்டியல். ஒன்பதரைக்கு அனுப்பினால் அவர்களுக்கு அன்றைய நாள் முழுவதும் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு அனுப்பினால் உங்களுக்கு அது இன்றைய வேலை. அவருக்கு நாளைய வேலை. இருபது நிமிட வேலையைத் தள்ளிப்போட்டதால் சங்கிலியில் ஒரு முழு நாள் போய்விட்டது.

அதன்பிறகு கஷ்டமான வேலைக்கு உட்காருங்கள். அதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை ஒரு வாரம் குறித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டம், போன், திடீரென்று வரும் கொட்டேஷன், கேன்டீன், டீ எல்லாம் போக, ஒரு புராஜெக்டுக்கு நாளுக்கு இரண்டு மணி கிடைத்தால் பெரிது என்பவர்கள் நிறையப் பேர். அப்படியென்றால் 41 மணி 30 நிமிடக் கைவேலை 21 வேலை நாளாகப் பரவும். அதோடு ஒரு இடிப்பும் இருக்கிறது: எழுத 16 மணி, நாளுக்கு இரண்டு மணி என்றால் எட்டு நாள். போட்டோவுக்குக் காத்திருக்கும் ஆறு நாளில் இது முடியாது. எனவே அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் நாளுக்கு மூன்று மணி என்று மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பத்திக் கணக்கு இல்லாவிட்டால் இந்த இடிப்பு அந்த வாரம் வந்தபிறகுதான் தெரியும்.

அமெரிக்கக் குழுவோடு மாலை ஆறரைக்குமேல் போன் கூட்டம் இருப்பவர்கள் பகலில் தனிமையான நேரத்தைக் காலையில்தான் தேட வேண்டும். அம்பத்தூரிலிருந்து சோழிங்கநல்லூர் போய் ஒரு மணி நேரக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தால் அரை நாளுக்குமேல் போய்விடும். அந்தக் கூட்டத்தைத் திட்டத்தில் ஒரு மணி என்று எழுதாதீர்கள்.

குறுக்கீடு பற்றிச் சுருக்கமாக. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால் மனதின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் காட்டினார். “ஒரு நிமிஷம் சார்” என்று யாராவது வந்தால், எழுந்திருப்பதற்கு முன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அரை வரியில் எழுதிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பிடித்துக்கொள்ள அது போதும். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறை சிலருக்கு ஒத்துப்போகிறது; போன் அடிக்கடி எடுக்க வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கு அது எரிச்சலைத்தான் தரும்.

8. பதில் வாங்கும் கலை

காத்திருப்பைக் குறைக்க முடியும் என்று சொன்னேன். எப்படி என்றால், பெரும்பாலும் கேட்கும் விதத்தில்தான்.

எம்.டி.க்கு 24 பக்கம் பிடிஎஃப்பை அனுப்பி, “சார், பார்த்துட்டு சொல்லுங்க” என்று எழுதினால், அவர் அதை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைப்பார். நல்ல எண்ணத்தோடுதான். அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

“சார், வணக்கம். கேட்டலாக்கில் உங்கள் முடிவு இரண்டுக்கு மட்டும் வேண்டும். ஒன்று, அட்டையில் சோலார் பம்பா, போர்வெல் பம்பா? நான் சோலார் வைத்திருக்கிறேன். இரண்டு, 7-ஆம் பக்கத்தில் விலை போடலாமா? வேண்டாம் என்பது என் யோசனை. வியாழன் மதியம் மூன்று மணிக்குள் நீங்கள் மாற்றம் எதுவும் சொல்லவில்லை என்றால் இப்படியே டிசைனருக்குப் போகச் சொல்லிவிடுகிறேன்.”

இதில் படிக்க ஒரு நிமிடம், பதில் சொல்ல அரை நிமிடம். பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பணம், சட்டம், விலை போன்ற விஷயங்களில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே நேரில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். மேலே உள்ள இரண்டாவது கேள்வி விலையைப் போடாமல் விடுவது என்பதால்தான் தப்பித்தது. முதல் முறை இப்படி அனுப்புவதற்கு முன், “சார், பதில் வரலைன்னா இப்படியே போகலாமா?” என்று வாய்வார்த்தையாக ஒப்புதல் வாங்கி வைப்பதும் நல்லது.

அடுத்து, வெண்டர். சென்னையில் யாரும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள்.

“அண்ணே, கேட்டலாக் எப்போ கெடைக்கும்?”

“முடிஞ்சிடும் சார், ரெண்டு நாள்ல.”

இந்த உரையாடலால் எந்தத் தகவலும் கிடைக்கவில்லை. கேள்வியை மாற்றுங்கள்.

“அண்ணே, பிளேட் போட்டாச்சா?”

“இல்ல சார், இன்னிக்குப் போட்டுருவோம்.”

“பேப்பர் வந்தாச்சா?”

“அதான் சார், 130 ஜிஎஸ்எம் ஸ்டாக் இல்ல. நாளைக்கு வரும்.”

இப்போது உங்களுக்கு நிலவரம் தெரியும். பேப்பரே நாளைக்குத்தான். பிளேட், அச்சு, காய்வது, லேமினேஷன், மடிப்பு, சென்டர் பின், கட்டிங் எல்லாம் மிச்சம். இரண்டு நாளில் வராது. எப்போது முடியும் என்று கேட்டால் விருப்பம் பதிலாக வரும். இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் உண்மை வரும். முடிந்தால் ஒரு மாலை திருவல்லிக்கேணிப் பக்கம் இருக்கும் பிரஸ்ஸுக்கு நேரில் போய் மெஷின் அருகில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். நேரில் வந்த ஆளின் வேலை வரிசையில் முன்னால் நகரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

உங்கள் கீழே வேலை செய்பவர்களிடமும் இதே விதி. “தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது” என்பதை ஏற்காதீர்கள். முடிந்த பக்கங்களைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆனால் அதட்டலாகக் கேட்டால் அடுத்த முறை சிக்கலை மறைப்பார்கள். “எங்கே மாட்டிக்கிட்டு இருக்கு, நான் யார்கிட்ட பேசணும்?” என்று கேட்டால் பிரச்சினை இரண்டு நாள் முன்பே வெளியே வரும்.

9. வெள்ளிக்கிழமை இருபது நிமிடம்

மாலை நாலு மணி வாக்கில் சிவப்புக் கோடு போட்ட வரிகளை மட்டும் பாருங்கள். எது யார் கையில் இருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, தாங்கலில் எவ்வளவு மிச்சம். மீதி வேலைக்கு ஆகும் நாளைப் புதிதாகக் கணக்கிடுங்கள். பழைய திட்டத்திலிருந்து ஆன நாளைக் கழித்து விடை கண்டுபிடிக்காதீர்கள். சனிக்கிழமையும் வேலை உள்ள இடத்தில் இது இன்னும் வசதி: வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டதைச் சனிக்கிழமை துரத்திவிடலாம்.

10. மழைக்கு ஒரு தனித் திட்டம்

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது. மிக்ஜாமின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல நாட்கள் தண்ணீர் நின்றது. அம்பத்தூர் எஸ்டேட்டிலும் தொழிற்சாலைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மின்சாரமும் நெட்வொர்க்கும் போனபின் கிளவுடில் இருக்கும் ஃபைல் இருந்தும் இல்லாத மாதிரிதான். நவம்பர் தொடங்கியதும் இறுதி ஃபைல்களை ஒரு பென் டிரைவில் போட்டு, வேறு ஏரியாவில் இருக்கும் ஒரு சக ஊழியரிடம் கொடுத்து வையுங்கள். டெலிவரியை நேராக நந்தம்பாக்கத்துக்கு அனுப்ப பிரஸ்ஸிடம் சொல்லிவிட்டால், அம்பத்தூருக்கு வந்து திரும்பும் ஒரு பயணம் குறையும். அச்சான பிரதிகளைத் தரைத்தளக் குடோனில் அடுக்காதீர்கள்.

11. தள்ளிப் போகப் போகிறது என்று தெரிந்தால்

சொல்லிவிடுங்கள், தெரிந்த அன்றே. நவம்பர் 10-இல் சொன்னால் மேலாளருக்கு நான்கு வழி இருக்கும். டிசம்பர் 5-இல் சொன்னால் கத்துவதற்கு மட்டும்தான் இருக்கும். வெறும் செய்தியாகச் சொல்லாமல் தேர்வுகளோடு போங்கள். “சார், நாலு நாள் பின்னாடி இருக்கோம். 24 பக்கத்தை 16 ஆக்கினா தேதிக்கு வந்துடும். இல்லேன்னா 24 பக்கமே இருக்கட்டும், கண்காட்சிக்கு 300 மட்டும் டிஜிட்டல் பிரிண்ட் எடுத்துக்கலாம், மிச்சம் அப்புறம் ஆஃப்செட்ல. செலவு கூடும். எது வேணும்னு சொல்லுங்க.” (சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். “ஒரே ஒரு பக்கம் சேர்த்துடுங்க” என்று யாராவது சொன்னால் அது நான்கு பக்கம் என்று அர்த்தம். இதை எம்.டி.க்கு முதல் கூட்டத்திலேயே சொல்லி வைப்பது புத்திசாலித்தனம்.)

கூடுதல் ஆள் போட்டுச் சரிசெய்யலாம் என்ற யோசனை உடனே வரும். அச்சான பிரதியை பெட்டியில் அடுக்குவது மாதிரியான வேலைக்கு அது உதவும். எழுதுவது, டிசைன், புரோகிராமிங் போன்றவற்றில் புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கவே பழையவரின் நேரம் போகும். தாமதமான சாஃப்ட்வேர் புராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய சாஃப்ட்வேர் புராஜெக்டை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-லேயே சொல்லிவிட்டார். இரவு கண் விழித்துச் செய்வதும் கடைசி வழிதான்: தூக்கக் கலக்கத்தில் சரிபார்த்த புரூஃபில் குதிரைத்திறன் எண் ஒன்று மாறிப்போனால் 1000 பிரதியிலும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்கும்.

12. முடிந்த மறுநாள் அரை மணி

கண்காட்சி முடிந்ததும் எல்லோரும் அடுத்த வேலைக்கு ஓடிவிடுவார்கள். இரண்டு பத்தித் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி போட்டு, உண்மையில் ஆன நாளை எழுதுங்கள். ‘டிசைன்: சொன்னது 8, ஆனது 9. எம்.டி.: சொன்னது 5, ஆனது 2, காரணம் இரண்டே கேள்வி. பிரஸ்: சொன்னது 8, ஆனது 12, காரணம் டைரி சீசன், பேப்பர் இல்லை.’ யார் மீது தப்பு என்று எழுத வேண்டாம். எழுதினால் யாரிடமும் காட்ட முடியாது. இந்தத் தாளைக் கேட்டலாக் பிடிஎஃப் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். தனி நோட்டில் எழுதினால் அடுத்த வருடம் அந்த நோட்டைத் தேடவே ஒரு நாள் ஆகும், அந்த நாளும் எந்தத் திட்டத்திலும் இருக்காது.